நெற்றி உயரம்

பெற்ற மகள் காலடியில் விழுந்து கிடந்தபோது குனிந்துகூடப் பார்க்காத கல்நெஞ்சன் என்று என் வீட்டுக்காரருக்கு ஆவூரில் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சொன்னவர்களை வரிசையாக நிற்க வைத்து நாக்கில் சூடு போட வேண்டும் என்று எனக்கு ஆத்திரமாக வரும். என் பெயர் சந்தனமேரி. எனக்கு வாய் நீளம், கோபமும் மூக்கு நுனியில்தான் இருக்கும். அதனால் நான் சொன்னால் யாரும் உட்கார்ந்து கேட்பதில்லை. இப்போது முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் ஜெபமாலை மினி பஸ் டிரைவர். ஆவூருக்கும் விராலிமலைக்கும் நடுவில் அவர் வண்டி ஏறாத ஆள் கிடையாது. ஆறடி உயரம், நிமிர்ந்த நடை. எங்களுக்கு ஒரே மகள், ஸ்வீட்டி. அவளுக்கும் அப்பா உயரம். பள்ளிக்கூட வரிசையில் பையன்கள் எல்லாம் அவளுக்கு முன்னால்தான் நின்றார்கள்.

எங்களைப் போன்ற வேதக்கார, கிறிஸ்தவ வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலச் செபம் முடிந்ததும் பிள்ளைகள் அப்பா முன்னால் வந்து "தோத்திரம் அப்பா" என்று சொல்லும். அப்பா வலது கைக் கட்டை விரலால் நெற்றியில் ஒரு சிலுவை போடுவார். அதற்குப் பிறகுதான் சோறு. மற்ற வீடுகளில் பிள்ளைகள் முட்டி போடும். ஸ்வீட்டி போடமாட்டாள். நின்றபடியே, முட்ட வருகிற ஆட்டுக்குட்டி மாதிரி நெற்றியை நீட்டுவாள். "கழுத, குனியத் தெரியுதா பாரு" என்று நான் திட்டுவேன். "நிக்கட்டும் மேரி, எனக்குக் குனியிற வேலை மிச்சம்" என்று அவர் சிரிப்பார். சின்னப் பிள்ளையாக இருந்தபோது முக்காலி மேல் ஏறி நின்று அவர் உயரத்துக்கு வருவாள். வளர்ந்த பிறகு முக்காலி தேவைப்படவில்லை.

அவள் புதுக்கோட்டையில் காலேஜ் படித்தபோது விராலிமலைப் பையன் ரகுநாத்தோடு பழக்கமானாள். அவர்கள் வேறு சாமி கும்பிடுகிற விவசாயக் குடும்பம். பையன் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். தங்கமான பையன், அதை இப்போது சொல்கிறேன். அன்றைக்கு யார் சொன்னது? எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் முடித்துக்கொண்டார்கள். இவர் கோயில் வாசலில் நின்று, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து சனம் வெளியே வருகிற நேரம் பார்த்து, "இனிமே அவ மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்று கத்தினார். கோபத்தில் எந்த அப்பன்தான் இதைச் சொல்லவில்லை? ஆனால் ஊர் அந்த வார்த்தையை எடுத்து மடியில் முடிந்துகொண்டது.

அதற்குப் பிறகுதான் அவர் உடம்பில் ஏதோ ஆனது. முதலில் நாங்கள் அதை நோய் என்றே நினைக்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் தட்டுக்கு வெளியே கை போகும். ரசம் எல்லாம் சட்டையில். வாசற்படியில் கால் தடுக்கும். ஒருநாள் கிணற்றடியில் நின்ற வாக்கில் மல்லாக்க விழுந்தார். "கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" என்று கேட்டேன். குடிக்கிறாரோ என்று சந்தேகம் வந்து, தூங்கும்போது வாயை மோந்துகூடப் பார்த்தேன். வெற்றிலை வாசம்தான் அடித்தது.

வண்டியிலும் அப்படித்தான். ஸ்பீடு பிரேக்கர் வருவது தெரியாமல் அப்படியே ஏற்றி இறக்கினார். பின் சீட்டில் இருந்தவர்கள் தலை கூரையில் இடித்தது. ஓனர் மரியாதையாகத்தான் சொன்னார், கொஞ்ச நாள் ஓய்வு எடுங்கண்ணே என்று. கண்ணாடி மாற்றினோம், மறுபடியும் மாற்றினோம். தூரத்துக்கு மேல்பாதி, கிட்டத்துக்குக் கீழ்பாதி என்று ஒரு கண்ணாடி கொடுத்தார்கள். அந்தக் கீழ்பாதியை அவர் ஒருநாளும் உபயோகப்படுத்தவில்லை. புத்தகத்தைக் கொடுத்தால் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். கண்ணாடிக் காசு தண்டம் என்று அதற்கும் நான்தான் கத்தினேன்.

முகமும் மாறியது. புருவம் நெரிந்து, கண் அகலத் திறந்து, இமைக்காமல் பார்ப்பார். யாரைப் பார்த்தாலும் அடிக்க வருகிற மாதிரி இருக்கும். ஒன்று கேட்டால் பதில் வர அருள்நிறை மந்திரம் ரெண்டு தரம் சொல்லி முடிக்கிற நேரம் ஆகும். மகள் போன துக்கம் மனுசனை இப்படி ஆக்கிவிட்டது என்று எல்லாரும் பேசினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் உள்ளே மனுசர் இளகியிருந்தார். ஒருநாள் சாயங்காலம் செபம் முடிந்தது. அவர் எதிரே யாரும் இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, ஒவ்வொரு வார்த்தையாக, "மேரி... ஸ்வீட்டிய... வரச் சொல்லு" என்றார்.

 உடனே போன் போட்டேன். அவளும் அந்தப் பக்கம் அழுதாள். ரகுநாத் லீவில் வந்திருந்தான், மறுவாரம் இருவரும் மஸ்கட் புறப்படுவதாக இருந்தார்கள். அதற்குள் வந்துவிட்டுப் போகிறோம் என்றாள். கிளம்பும்போது அவள் மாமியார் செவந்தி, நல்ல மனசுக்காரி, அவளைக் கூப்பிட்டு, "அப்பா கால்ல நெடுஞ்சாண்கிடையா விழுந்துரு ஆத்தா. எந்த அப்பனுக்கும் மனசு எளகிரும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். அவர்கள் வீட்டு வழக்கம் அது. வாழ்க்கையில் யார் முன்னாலும் குனியாத என் மகள், அன்றைக்குப் பார்த்து அதைக் கேட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். நான் அடுக்களையில் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். அவர் கூடத்தில் ஜன்னல் கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டு, வாசலைப் பார்த்து நின்றார். விடிந்ததிலிருந்து அப்படித்தான் நின்றார். வாசலில் பைக் சத்தம் கேட்டது. அதுவரை வாசல் பக்கம் போன செருப்புச் சத்தத்தை எல்லாம் இவளோ இவளோ என்று அவர் காதால் எண்ணியிருப்பார் போல. அந்தச் சத்தத்துக்குக் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். நான் டம்ளர்களோடு அடுக்களை வாசலுக்கு வந்தேன். எனக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. ஸ்வீட்டி ஓடி வந்தவள், அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கப் பயந்து, தலையைத் தொங்கப் போட்டபடியே அவர் காலடியில் விழுந்தாள். பாதத்தைத் தொடக்கூட அவளுக்குத் தைரியம் வரவில்லை. ஒரு சாண் தள்ளித் தரையில் நெற்றியை வைத்து, "தோத்திரம் அப்பா" என்றாள். ரகுநாத் நிலைப்படிக்கு வெளியே, அவருக்கு நேர் எதிரே நின்றான்.

இவர் அசையவில்லை.

"என்னங்க, பிள்ள வந்திருக்கால்ல" என்றேன் பின்னாலிருந்து. அதற்கும் அசைவில்லை. அவள் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து அவருடைய வலது முழங்கை மேலே எழும்பியது. அந்த முழங்கைதான் எனக்குத் தெரிந்தது. கை முன்பக்கம் என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது. ரகுநாத்தின் முகம் சட்டென்று கறுத்தது. விறுவிறு என்று உள்ளே வந்து அவள் தோளைப் பிடித்துத் தூக்கினான். "எந்திரி ஸ்வீட்டி. போதும், வா" என்று இழுத்துக்கொண்டு போனான்.

நான் காபியை அப்படியே வைத்துவிட்டு அவர்கள் பின்னால் ஓடினேன். "மாப்ள, என்ன ஆச்சு, நில்லுங்க!" என்றேன்.

"அத்தை, நான் நேராப் பாத்துக்கிட்டு நின்னேன். அவ கீழ கெடக்குறா, அவரு குனிஞ்சுகூடப் பாக்கல. என்னைய மொறச்சுப் பாத்துக்கிட்டே, போங்க போங்கன்னு கையை ஆட்டி வெரட்டுறாரு" என்றான். அவன் கண்ணிலும் தண்ணீர்.

"மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு சொன்னாருல்ல, சொன்னதச் செஞ்சிட்டாரு" என்றாள் ஸ்வீட்டி. நெற்றியில் தரைத் தூசி ஒட்டியிருந்தது. அதைத் துடைக்கக்கூட என்னை விடாமல் பைக்கில் ஏறிவிட்டாள். எதிர் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் தலைகள் எட்டிப் பார்த்தன. கல்நெஞ்சன் என்ற பெயர் அன்றைக்கு வைத்ததுதான்.

நான் திரும்பி வந்தபோது அவர் அதே இடத்தில் நின்றார். "ஸ்வீட்டி... உள்ள... வரலையா?" என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் ஆறிப்போன காபியைத் தூக்கி முற்றத்தில் ஊற்றினேன். நடிக்கிறார் என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

அவர்கள் மஸ்கட் போய்ச் சேர்ந்தார்கள். இவர் மறுபடியும் மல்லாக்க விழுந்து மண்டையில் தையல் போட வேண்டி வந்தது. தையல் போட்ட டாக்டர்தான், இது கண்ணாடிக் கடைக்காரன் பார்க்கிற காரியம் இல்லை, திருச்சிக்குப் போய் நரம்பு டாக்டரைப் பாருங்கள் என்றார்.

திருச்சியில் டாக்டர் பொற்கொடி என்று ஒரு அம்மா. நிதானமான பெண். இவர் முன்னால் உட்கார்ந்து விரலை இடமும் வலமுமாக நகர்த்தி, "விரலையே பாருங்கய்யா" என்றார். இவர் கண் மெதுவாகப் போய் வந்தது. விரலைக் கீழே இறக்கினார். கண் இறங்கவில்லை. விரல் மடியில் இருக்கிறது, இவர் கண் டாக்டரின் கழுத்து மணியிலேயே நிற்கிறது. "பாருங்கய்யா, கீழ, கீழ" என்கிறார். இவர் முக்குகிறார், நெற்றி வேர்க்கிறது, அந்தக் கறுப்பு முழி ஒரு நூல் அளவு கீழே இறங்கவில்லை. 

பிறகு டாக்டர், "என் மூக்கையே பாருங்க" என்று சொல்லி, இவர் தலையை இரண்டு கையாலும் பிடித்து மெல்லப் பின்னால் சாய்த்தார். தலை பின்னால் போகப் போக முழி தானாகக் கீழே இறங்கியது, மூக்கை விடாமல். "அந்தா எறங்குதே! நல்லாத்தான எறங்குது டாக்டர்!" என்று நான் கத்திவிட்டேன்.

"அதுதாம்மா வெசயம்" என்றார் அவர். "கண்ணு நல்லாருக்கு. கண்ணை இழுக்குற சதையும் நல்லாருக்கு. தலை ஆடும்போது பார்வை ஆடாம இருக்க ஒரு பழைய வழி இருக்கு, அது தானா நடக்கும், அதுவும் நல்லாருக்கு. ஆனா 'கீழ பாரு'ன்னு நாமளா நெனைக்கும்போது உத்தரவு குடுக்கணுமே, அதுக்குன்னு நடு மூளையில கொஞ்சம் நரம்பணுக்கள் இருக்கு. ஒரு சின்ன எடந்தான். பட்டுப் பட்டுன்னு வெடிக்கிற மாதிரி உத்தரவு அனுப்பும், ஒடனே கண்ணு தாவும். இவருக்கு அதுங்க செத்துக்கிட்டு வருது."

"மருந்துக்குக் கேக்காதா, மந்திரிச்சாவது கேக்குமா?" என்றேன்.

டாக்டர் தலையை ஆட்டினார், இல்லை என்று. "கழுத்தும் வெறைச்சுப் போச்சு, குனிய வராது. புருவம் நெரியிறது, இமைக்காம மொறைக்கிறது, அதெல்லாம் கோவம் இல்லம்மா, நோயி. இன்னொண்ணு, கண்ணு எங்க தாவுமோ அங்கதான் மனுசனோட கவனமும் போகும். ரெண்டுக்கும் மூளையில கிட்டத்தட்ட ஒரே ஆளுங்கதான் வேலை பாக்குறாங்க. அதனால கீழ ஒண்ணு இருக்குங்கிற நெனப்பே இவருக்குக் கொறஞ்சிரும்."

நான் நாற்காலி நுனிக்கு வந்தேன். "டாக்டர், ஒருத்தி இவரு காலடியில விழுந்து கெடந்தா?"

"தெரியாது. கொரல் கேக்கும். ஆளு தெரியாது."

பக்கத்தில் நாற்காலியில் இருந்தவர் வாயைத் திறந்தார். அவர் பேச ஆரம்பித்தால் காத்திருக்க வேண்டும். டாக்டரும் காத்திருந்தார். "சத்தம்... கேட்டுச்சு... தோத்திரம்னா. ஆளக் காணோம். முன்னாடிதான... நிப்பா. போட்டேன், மேரி. நெத்தி... எட்டல." சொல்லிக்கொண்டே வலது கையைத் தூக்கி, கட்டை விரலை நீட்டி, அவர் கண்ணுக்கு நேரே வெறும் காற்றில் போட்டுக் காட்டினார். மேலிருந்து கீழே ஒரு கோடு இழுக்க வேண்டும், அது அவருக்கு வரவில்லை. கண் போகாத பக்கம் கை எப்படிப் போகும்? சும்மா ஒரு வெட்டு வெட்டிவிட்டு, குறுக்கே மட்டும் இப்படியும் அப்படியும் கை ஆடியது. பார்க்கிறவனுக்கு யாரையோ விரட்டுகிற மாதிரித்தான் தெரியும்.

அது சிலுவை. என் மகள் வழக்கம்போல ஆட்டுக்குட்டி மாதிரி நிமிர்ந்து நின்றிருந்தால் அது சரியாக அவள் நெற்றியில் விழுந்திருக்கும். நான் டாக்டர் மேஜையில் தலையை வைத்து, வெளியே காத்திருக்கிற சனத்துக்கெல்லாம் கேட்கிற மாதிரி அழுதேன்.

அன்றைக்கே பஸ் ஸ்டாண்டிலிருந்து மஸ்கட்டுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினேன். ஸ்வீட்டி சிரித்தாள். அழுகிற சிரிப்பு. "கீழ பாக்க முடியாத வியாதின்னு ஒலகத்துல ஒண்ணு இருக்காம்மா? பொய் சொல்றதுன்னா கொஞ்சம் பொருத்தமாச் சொல்லு. ஒம் புருசனுக்கு நீ வக்காலத்து வாங்குற, வாங்கிக்க" என்று வைத்துவிட்டாள். அவளையும் குற்றம் சொல்ல முடியாது. என்னிடம் யாராவது சொல்லியிருந்தால் நானும் போடி பைத்தியக்காரி என்றிருப்பேன்.

சரி, நேரிலேயே பார்க்கட்டும் என்று ஒருநாள் வீடியோ கால் போட்டேன். எடுத்துவிட்டாள். நான் பேசவில்லை, போனை அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன். அவருக்கு அவள் முகம் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரியும், மூச்சு வாங்கியது. ஆனால் அவளுக்குத் தெரிந்தது என்ன? நெரிந்த புருவம், இமைக்காமல் முறைக்கிற கண், இறுகிய வாய். "சிரிங்களேன், ஏதாச்சும் பேசுங்களேன்" என்று நான் கெஞ்சுகிறேன். அவர் வாயைத் திறப்பதற்குள் அவள், "இப்படி மொறைக்கிறதப் பாக்கவாம்மா கூப்புட்ட?" என்று கட் பண்ணிவிட்டாள். திரை கறுத்துப் போன பிறகுதான் "சாமி... ஸ்வீட்டி..." என்ற வார்த்தை வந்தது. வெறும் கறுப்புத் திரையைப் பார்த்து, "சாப்பிட்டியா" என்றும் கேட்டார். மாதாவே, அந்த ஒரு நிமிடம் என் மகள் பொறுத்திருக்கக் கூடாதா!

அதற்குப் பிறகு என் போனை அவள் எடுக்கவில்லை. நான் வாட்ஸப்பில் அனுப்பியதையும் திறக்கவில்லை. நான் விடுகிற ஆளா? தினமும் சாயங்காலச் செபம் முடிந்ததும் அவர் கையைத் தூக்கிக் காற்றில் சிலுவை போடுவார். நான் சொல்லி அல்ல, தானாக. எதிரே யாரும் இல்லாத இடத்தில், நெற்றி உயரத்தில். அதை எதிரே நின்று போனில் படம் பிடித்து, தினமும் ஒன்று அனுப்பினேன். ஒரு டிக், ரெண்டு டிக், அதோடு நிற்கும். நிறம் மாறாது. நாளாக ஆகக் கை இறங்கிக்கொண்டே வந்தது. நிற்க முடியாமல் நாற்காலிக்கு வந்தார், நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு வந்தார். தண்ணீர் கொடுத்தால் புரை ஏறியது. கண் பக்கவாட்டிலும் போகாமல் நேரே நின்றுவிட்டது. சிலுவை மட்டும் நிற்கவில்லை.

ஒருநாள் மத்தியானம், சோற்றைக் கரைத்து ஊட்டிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. ரகுநாத். ஸ்வீட்டி போனை வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறாள். இவன் எதற்கோ அதை எடுத்திருக்கிறான், கை பட்டு என் படம் ஒன்று ஓடியிருக்கிறது. "அத்தை" என்றான்.  "வீடியோ பாத்தேன். அன்னிக்கும் இப்படித்தான் கையை ஆட்டினாரு. அச்சு அசலா இதேதான். இது என்னாது அத்தை?"

"சிலுவ மாப்ள. அவ நெத்தியில போடுற சிலுவ."

 அந்தப் பையன் வாய்விட்டு அழுதான். "எனக்கு எப்படித் தெரியும் அத்தை? எங்க வீட்டுல இதெல்லாம் இல்லையே. வெரட்டுறாருன்னு நாந்தான அவகிட்டச் சொன்னேன். அவ தலையைத் தூக்கிப் பாக்கக்கூட இல்ல, நான் சொன்னதத்தான் நம்புனா." அவன் அழுகிற சத்தம் கேட்டு ஸ்வீட்டி வந்து போனைப் பிடுங்கியிருக்க வேண்டும். "அம்மா, நெசமாவே சிலுவயாம்மா? அப்பா போட்டாராம்மா?" என்று கேட்டாள். ஆமடி, போட்டாரடி, நீ இல்லாத எடத்துல தெனமும் போடுறாரடி என்று நான் கத்தினேன். மூன்று பேரும் அழுதோம். கட்டிலில் இருந்தவருக்கு அழக்கூட முகம் வளையவில்லை, தண்ணீர் மட்டும் வழிந்தது.

அந்த வாரமே டிக்கெட் போட்டுவிட்டார்கள். ஸ்வீட்டி வருகிறாள் என்று சொன்னதும் மனுசருக்கு எங்கிருந்து தெம்பு வந்ததோ. முதுகுக்குத் தலையணை அடுக்கி உட்கார வைத்தேன். கட்டிலோரம் எங்கே நின்றால் அவர் கண்ணுக்கு நேரே முகம் வரும் என்று நானே நின்று பார்த்தேன். உயரம் அதிகம். அந்தப் பழைய முக்காலியைத் தேடி எடுத்துத் துடைத்துப் போட்டேன். சின்னப் பிள்ளையில் அவள் ஏறி நின்றது, இப்போது உட்கார்ந்தால் போதும், சரியாக நேரே வரும். அதில் உட்கார்ந்து என் நெற்றியை நீட்டினேன். "ஒத்திகை பாருங்க" என்றேன். விரல் புருவத்தில் இடித்தது, மூக்கில் இடித்தது, பிறகு நெற்றியைத் தொட்டது. ஐஸ் மாதிரி சில்லிட்ட விரல். "இப்ப சரி" என்றேன். "இதே எடந்தான், மறந்துறாதீங்க, அவள ஒரு மயிரிழ நகர விடமாட்டேன்."

புதன்கிழமை காய்ச்சல் வந்தது. சாப்பிட்டது நெஞ்சில் இறங்கி நுரையீரலில் சளி கட்டிவிட்டது என்றார்கள். வியாழக்கிழமை முழுக்க மூச்சு இழுத்தது. "நாளைக்குக் காலையில வந்துருவா, இருங்க, கொஞ்சம் இருங்க" என்று காதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். கண் மட்டும் முக்காலி இருந்த பக்கம் நேராக நின்றது. வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாமலும், அவர்கள் விமானம் திருச்சியில் இறங்குவதற்கு முன்னால், அது பார்ப்பதை நிறுத்தியது.

அவர் கண்ணை மூட வந்தவர்களை நான் விடவில்லை. பங்குச் சாமியார் வந்து சொன்ன பிறகுதான் விட்டேன். இத்தனை காலம் ஒரு நூல் அளவு கீழே இறங்காத முழி மேல், யாரோ ஒருத்தர் விரல் பட்டதும் இமை சாதாரணமாக இறங்கிவிட்டது.

வாசலில் பந்தல் போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். ஊரே கூடியிருந்தது. ஆவூர்ச் சனம், மினி பஸ் ஓனர், ஏறி இறங்கின பயணிகள், கல்நெஞ்சன் என்று சொன்ன வாய்கள் எல்லாம் வந்திருந்தன. வேன் வந்து நின்றது. ஸ்வீட்டி இறங்கினாள். பின்னால் ரகுநாத், பெட்டி படுக்கை எதையும் எடுக்காமல். அவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தாள். வந்த வேகத்தில் பெட்டியின் கால்மாட்டில் விழுந்தாள். "தோத்திரம் அப்பா" என்று மண்ணில் நெற்றியை வைத்துக்கொண்டு கதறினாள்.

எனக்கு எங்கிருந்து அந்தச் சத்தம் வந்தது என்று தெரியவில்லை. "விழாதடி!" என்று கத்தினேன். "எந்திரிடி பாவி! கீழ விழுந்தா அவருக்குத் தெரியாதுடி! எந்திரிச்சு நில்லு! மூஞ்சிக்கு நேரா வந்து நில்லு!"

சனம் எல்லாம் என்னைப் பார்த்தது. புருசன் செத்ததில் இவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று யாரோ என் தோளைப் பிடித்தார்கள். நான் உதறினேன். ரகுநாத்துக்குப் புரிந்தது. அவன்தான் வந்து, அன்றைக்குத் தூக்கின அதே தோளைப் பிடித்து அவளைத் தூக்கி நிறுத்தி, தலைமாட்டுக்கு நடத்திக் கூட்டி வந்தான். பெட்டியின் கண்ணாடி மூடியைத் திறக்கச் சொன்னேன். திறந்தார்கள். அவள் நின்றாள். அப்பாவின் முகத்துக்கு நேரே, கண்ணை மூடிக்கொண்டு, பழையபடி நெற்றியை நீட்டினாள்.

நான் அவர் வலது கையைத் தூக்குவதற்காகப் பெட்டிக்குள் கையை விட்டேன். கைகளைக் கூப்ப வைத்து, செபமாலையைச் சுற்றி, கட்டை விரல் இரண்டையும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். முடிச்சு இறுகிக் கிடந்தது. நகத்தால் பிராண்டினேன், பல்லால் கடிக்கக் குனிந்தேன், அவிழவில்லை. அவள் கண்ணைத் திறக்காமல் நின்றுகொண்டே இருந்தாள்.